ஐந்தாவது கட்டத்தில் எழுதிய பெயர்

லேப்டாப் சூடாகி அணைந்துபோனால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு இப்போது பாடமே இருக்கிறது. காற்றுத்துளையைப் பார், விசிறியைப் பார், டிரைவரைப் பார், லாக் ஃபைலைப் படி. நல்ல பாடம்தான். நான் அந்த நாற்காலியில் இருந்தபோது முதலில் செய்தது வேறு. பழியை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்தேன். தலை ஒன்று தயாராகவே இருந்தது.

போன மாதம் நீங்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து, சிஸ்டம்ஸ் பிரிவின் பழைய அனுபவங்களை எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டீர்கள். சர்வர் படுத்த நாளில் அதை எழுப்பி உட்காரவைத்த கதை, வைரஸ் புகுந்தபோது ஆலையைக் காப்பாற்றிய கதை என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் என்னிடமும் உண்டு. கொஞ்சம் உப்பு காரம் சேர்த்து என் பிரிவு உபசார விழாவிலேயே சொல்லி முடித்துவிட்டேன். இது அங்கே சொல்லாதது.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் நடந்தது. ஓசூர் சிப்காட்டில் நம் ஆலை இப்போது இருப்பதில் பாதிதான் இருந்தது. பைக்குக்கும் காருக்கும் அலுமினிய உதிரிபாகங்கள் செய்துகொண்டிருந்தோம். சிஸ்டம்ஸ் பிரிவு என்றால் நான், ஒரு மேசை, ஒரு இரும்பு பீரோ. அவ்வளவுதான். சிங்காரப்பேட்டையிலிருந்து ஐ.டி.ஐ. முடித்து எலக்ட்ரீஷியனாக வந்தவன் நான். கம்ப்யூட்டரை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போனதைப் பிரித்துப் பிரித்து நானே கற்றுக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஆனால் ஆலையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. பிளான்ட் ஹெட் முதல் கேன்டீன்காரர் வரை எல்லாருக்கும் நான் "சிஸ்டம்ஸ்". சண்முகம் என்று அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

அப்போதுதான் வெங்கடேசன் வந்து சேர்ந்தார். ஊர் வேப்பனப்பள்ளி. வயதில் என்னைவிட ஏழெட்டு வருடம் சின்னவர். தர ஆய்வுப் பிரிவில் அளவெடுக்கும் அறைக்கு அவரை எடுத்தார்கள். ஒரு வருடம் புரொபேஷன், பிறகு நிரந்தரம் என்று பேச்சு. வந்த முதல் வாரத்திலேயே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அண்ணா அண்ணா என்றுதான் கூப்பிட்டார்.

கெடுதல் செய்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். பெங்களூரிலிருந்து கஸ்டமர் வந்தால் கன்னடத்தில் பேசினார். கேன்டீன் மாஸ்டரிடம் தெலுங்கில் பேசி இரண்டாவது வடை வாங்கினார். பிளான்ட் ஹெட்டிடம் தமிழில் பேசினார். மூன்று மொழியிலும் அவர் பேச்சுக்கு ஆட்கள் சிரித்தார்கள். எனக்குத் தமிழும், மேனுவல் படிக்கிற அளவு இங்கிலீஷும்தான். மாம்பழக் காலத்தில் அவர் தோட்டத்துப் பழம் இரண்டு கூடை வந்தது. எனக்கும் தனியாகப் பொறுக்கி நாலு கொடுத்தார். வீட்டில் அறுத்துச் சாப்பிட்டேன். தித்திப்பாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

"சோத்துல கை வெச்சா அவரு பேரு, படுக்கப் போனா அவரு பேரு," என்றாள் என் மனைவி. "பேசாம அவரையே கட்டிக்கினு இருந்திருக்கலாம் நீங்க."

நான் அவரைக் குறை சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெங்கடேசன் ஒரு புரோகிராம் எழுதினார். அளவெடுக்கும் இயந்திரம் ஒரு உறுப்பைத் தொட்டுத் தொட்டு ஆயிரக்கணக்கான புள்ளிகளை எடுக்கும். அந்தப் புள்ளிகளை டிசைனின் முப்பரிமாண உருவத்தின் மேல் பொருத்தி, எங்கே அளவு கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று சிவப்பிலும் நீலத்திலும் அந்தப் புரோகிராம் காட்டும். உருவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். அதற்கு லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வேண்டும் என்றார். என்னிடம்தான் முதலில் வந்து கேட்டார். பார்க்கலாம் என்றேன். மூன்று வாரம் பார்க்கலாம் என்றே சொன்னேன். அவர் பிளான்ட் ஹெட்டிடம் வாய்வார்த்தையாக அனுமதி வாங்கி, தானே ஏற்றிக்கொண்டார். சிஸ்டம்ஸ் என்று ஒருவன் இருக்கும்போது இன்னொருவர் அந்த வேலையைச் செய்ததும், அது நன்றாக ஓடியதும் எனக்கு நெஞ்சில் முள் போலக் குத்தியது.

அந்த வேலைக்காகத் தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் இரண்டு வாங்கியிருந்தோம். ஒன்று வெங்கடேசன் கையில். ஸ்பேராக வாங்கிய இன்னொன்று விண்டோஸுடன் அப்படியே என் பீரோவில் கிடந்தது.

ஒரு திங்கட்கிழமை வெங்கடேசன் அந்தப் புரோகிராமை மீட்டிங் அறையில் பிளான்ட் ஹெட்டுக்கு ஓட்டிக் காட்டினார். அடுத்த திங்கள் பெங்களூரு கஸ்டமரின் தரக் குழு ஆடிட்டுக்கு வருவதாக இருந்தது. புதிய உறுப்பு ஒன்றின் ஆர்டர் அந்த ஆடிட்டைப் பொறுத்து இருந்தது. அவர்களிடம் காட்ட வேண்டியதும் இதே புரோகிராம்தான். அதற்கான ஒத்திகை அது. கால் மணி நேரம் ஓடியிருக்கும். விசிறி மிக்ஸி மாதிரி அலறியது. திரையில் கோடு கோடாக விழுந்தது. அப்புறம் கறுப்பு. லேப்டாப்பின் அடியில் கை வைத்தேன், தோசைக்கல்.

அந்த அறையில் எல்லார் முகமும் வாடியிருந்தது. என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. உள்ளே என்ன இருந்தது என்று தெரியும். ஜில்லென்று இருந்தது.

பிளான்ட் ஹெட் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டம்ஸ், நீங்க இதுக்கு வொய்-வொய் போட்டுக் குடுங்க. நாளைக்கு எனக்கு வேணும்."

வொய்-வொய் தாள் உங்களுக்குத் தெரியும். ஐந்து கட்டம், ஐந்து ஏன். ஏன் நின்றது, அது ஏன், அதுவும் ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் ஐந்தாவது கட்டத்தில் மூலகாரணம் பிடிபட வேண்டும். அந்தக் கட்டத்தில் ஆள் பெயர் எழுதக் கூடாது என்பது முதல் விதி. ஆலையில் அந்த வகுப்பை எடுத்ததே நான்தான். பலகையில் பெரிதாக எழுதிப் போடுவேன்.

சோதனை செய்யாமல் நான் எழுதவில்லை. அதில்தான் சாமர்த்தியம் இருந்தது. பீரோவிலிருந்த ஸ்பேர் லேப்டாப்பை எடுத்து, விண்டோஸில் ஒரு முப்பரிமாண உருவத்தை இரண்டு மணி நேரம் சுற்றவிட்டேன். கைக்குச் சூடு இதமாக இருந்ததே தவிர ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு வெங்கடேசனின் லேப்டாப்பில் லாக் படித்தேன். லினக்ஸை அவர் புதுப்பித்தபோது, கார்டை இயக்க அதைச் செய்த கம்பெனி தரும் டிரைவர் மென்பொருள் கழன்றுபோய், பொதுவில் கிடைக்கும் டிரைவர் வந்து உட்கார்ந்திருந்தது. அந்தக் காலத்துப் பொது டிரைவருக்குக் கார்டின் வேகத்தைக் குறைக்கத் தெரியாது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கார்டு முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். இது நூற்றுக்கு நூறு உண்மை.

உண்மை கையில் கிடைத்ததும் மளமளவென்று எழுதினேன். ஏன் அணைந்தது, சூடு. ஏன் சூடு, கார்டு முழு வேகம். ஏன் முழு வேகம், டிரைவர். ஏன் அந்த டிரைவர், லினக்ஸ். ஏன் லினக்ஸ்? ஐந்தாவது கட்டத்தில் எழுதினேன்: "திரு. வெங்கடேசன், சிஸ்டம்ஸ் பிரிவின் ஒப்புதல் இன்றி ஏற்றியது." கீழே, "ஒரே மாடல், ஒரே வயது கொண்ட மற்றொரு லேப்டாப் விண்டோஸில் சூடாகவில்லை. வித்தியாசம் லினக்ஸ் மட்டுமே" என்று அடிக்கோடு போட்டேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

பிளான்ட் ஹெட் படித்தார். ஐந்தாவது கட்டத்தில் அவர் கண் நின்றது. ஏதோ சொல்ல வந்து, அவசரத்தில் கையெழுத்துப் போட்டார். நகல் ஒன்று ஹெச்.ஆருக்கும் போனது. வெங்கடேசனின் புரொபேஷன் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. ஆடிட் முடிந்த கையோடு அவரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். இது ஆலையில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

வெங்கடேசன் கோபப்படவில்லை என்று சொன்னால் பொய். என் மேசைக்கு வந்து நின்றார்.

"அண்ணா, டிரைவர் தப்பு என் தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா உங்ககிட்ட கேக்காம ஏத்தினேன்னு எழுதியிருக்கீங்களே. மூணு வாரமா கேட்டனே."

"கேட்டீங்க. நான் சரின்னு சொல்லலியே," என்றேன்.

அவர் போய்விட்டார். புதனுக்குள் கம்பெனி டிரைவரை மறுபடி ஏற்றினார். விசைப்பலகையைக் கழற்றி விசிறியைத் துடைத்தார். கார்டின் மேல் சூட்டைக் கடத்தத் தடவியிருந்து காய்ந்துபோன பேஸ்டைச் சுரண்டிவிட்டுப் புதிது தடவினார். திரையின் மூலையில் வெப்பநிலை தெரிகிற மாதிரி ஒரு சின்னப் பெட்டியும் வைத்தார். கால் மணி நேரத்தில் அணைந்தது இப்போது முக்கால் மணி நேரம் தாங்கியது. ஆனால் முக்கால் மணி கழித்து மறுபடி அதே அலறல், அதே கறுப்பு.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் வந்தார். கோபம் எல்லாம் போயிருந்தது. கண் மட்டும் சிவந்திருந்தது.

"அண்ணா, அந்த ஸ்பேரை ஒரு மணி நேரம் குடுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி ஓட்டிப் பாத்துடறேன். என்னா வித்தியாசம்னு தெரிஞ்சிடும்."

மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. உட்காருங்க என்று சொல்லிவிட்டுப் பீரோவைத் திறந்தேன். வழங்கல் பதிவேட்டில் சீரியல் நம்பர் எழுத வேண்டும். அது அடியில்தான் அச்சாகியிருக்கும். லேப்டாப்பைக் கவிழ்த்தேன்.

நம்பருக்குப் பக்கத்தில் சல்லடை மாதிரி ஒரு காற்றுத்துளை இருந்தது. உள்ளே விசிறியின் இறக்கை தெரிந்தது. அதற்கு முன் நான் அந்தத் துளையைப் பார்த்ததாக நினைவில்லை. ஏன் பார்த்ததில்லை என்று யோசித்தபோது என் கை அப்படியே நின்றுவிட்டது. வெங்கடேசனின் லேப்டாப்பில் அந்த இடத்தில் என் ஸ்டிக்கர் இருந்தது.

ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்தைய வருடம் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி வைக்கும் 5எஸ் இயக்கம் ஆலையில் தீவிரமாக நடந்தது. எல்லாப் பொருளுக்கும் அடையாளம், எல்லா அடையாளமும் ஒரே இடத்தில். கம்ப்யூட்டர்களுக்கு நான் ஒரு ஸ்டிக்கர் வடிவமைத்தேன். உள்ளங்கை அகலம், பளபளவென்று லேமினேஷன், பார்கோடு. லேப்டாப்பின் அடியில் ஓரத்திலிருந்து எத்தனை விரல் தள்ளி ஒட்ட வேண்டும் என்பதற்கு அட்டையில் அச்சு வெட்டி வைத்திருந்தேன். கிழித்தால் மெமோ என்று ஒரு விதியும் நானே எழுதினேன். அந்த வருடம் 5எஸ் பரிசு எனக்குக் கிடைத்தது. ஆலையே கைதட்டியது அந்த ஒரு நாள்தான். பழைய லேப்டாப்களில் அந்த இடம் மொட்டையாக இருக்கும். இந்தப் புது மாடலில் அங்கே காற்றுத்துளை. அட்டையை வைத்தேன், ஒட்டினேன், பார்க்கவில்லை. ஸ்பேருக்கு மட்டும் வழங்கும்போது ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். வெங்கடேசன் விசிறியை மேலிருந்து கழற்றியதால் அடியைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் எல்லா லேப்டாப்பிலும் இருக்கிற ஸ்டிக்கர்தானே என்று விட்டிருப்பார்.

ஆக என் சோதனையில் இரண்டு லேப்டாப்புக்கும் வித்தியாசம் ஒன்று அல்ல, இரண்டு. லினக்ஸ் ஒன்று, ஸ்டிக்கர் ஒன்று. "லினக்ஸ் மட்டுமே" என்று அடிக்கோடு போட்டது நான். ஒப்பிடும்போது இரண்டும் மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுதானா என்று கவிழ்த்துப் பாருங்கள். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம். புத்தகத்தில் இல்லாதது ஒன்று உண்டு. வேண்டிய பதில் சீக்கிரம் கிடைத்துவிட்டால் கை கவிழ்த்துப் பார்க்காது. எனக்கு வேண்டிய பதில் ஒரு ஆளின் பெயர். அது கிடைத்ததும் நிறுத்திவிட்டேன்.

அந்த நிமிடம் திரும்பி, "வெங்கடேஷ், இங்க பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். மூன்று அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"இது ஹெட் ஆஃபீசுக்குன்னு ஒதுக்கி வெச்சது. தர முடியாது," என்றேன்.

"ஒரு மணி நேரம்தாண்ணா."

"ரூல்னா ரூல்தான்."

அவர் எழுந்து போனார். எனக்கு உள்ளே ஒரு பக்கம் குளிர்ந்தது என்பதை எழுதாவிட்டால் இவ்வளவு எழுதியது வீண்.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் தெலுங்கில் ஏதோ கேட்டார், அவர் வெறுமனே தலையாட்டினார். நானே போய் எதிரில் உட்கார்ந்தேன். எதற்குப் போனேன் என்று இன்றும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அடிபட்டவன் எப்படி இருக்கிறான் என்று பார்க்கப் போயிருப்பேன்.

"வீட்டுக்காரிக்குக் கிருஷ்ணகிரி பக்கம் கவர்ன்மென்ட் ஸ்கூல்ல வேலைண்ணா. அதான் பெங்களூர் வேலைய உட்டுட்டு இங்க வந்தேன். அங்க பர்மனென்ட்டா இருந்தவன் நானு. தினமும் போக வர அஞ்சு மணி நேரம் பஸ்ஸுலயே போயிடும். கொழந்த தூங்கறப்ப கெளம்பி, தூங்கினதுக்கு அப்புறம் வருவேன். ஒரு நாளு அது என்னைப் பாத்து அவங்கம்மா பின்னால போயி ஒளிஞ்சிக்கிச்சி." தட்டைத் தள்ளி வைத்தார். "இது போச்சின்னா மறுபடியும் பெங்களூர் ரோட்டு அத்திபெலே டிராஃபிக்குதாண்ணா."

"ஒண்ணும் ஆகாது, சாப்பிடுங்க," என்றேன். சொல்லிவிட்டு நான் சாப்பிட்டேன்.

சனி, ஞாயிறு ஓடின. ஆடிட் முடியட்டும், பிறகு சந்தடி இல்லாமல் ஸ்டிக்கரைக் கிழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். யாருக்கும் தெரியாது. ஸ்டிக்கர் பரிசும் எனக்கு, அந்த ஆளும் போய்விடுவார்.

திங்கட்கிழமை காலை கஸ்டமர் குழு வந்து உட்கார்ந்த நேரத்தில் என் செல்போன் அடித்தது.

"அண்ணா, சானமாவு காட்டுகிட்ட பஸ்ஸுல நிக்கிறேன். யானைங்க ரோட்டத் தாண்டுதுன்னு ரெண்டு பக்கமும் வண்டிய நிறுத்திட்டாங்க. எப்ப உடுவாங்கன்னு தெரியல. நீங்க ஓட்டிக் காட்டுங்கண்ணா, உங்களுக்குத் தெரியும்ல. முக்கா மணிக்குள்ள முடிச்சிடுங்க, அதுக்கு மேல தாங்காது."

எனக்கு ஓட்டத் தெரியும் என்பது உண்மை. அவர் ஓட்டும்போதெல்லாம் பின்னால் நின்று பார்த்து ஒவ்வொரு கிளிக்கையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பிடிக்காத ஆளின் வேலையை அவ்வளவு கவனமாக யாரும் பார்க்க மாட்டார்கள்.

குழுவுக்குத் தலைமை ஒரு அம்மா. நரைத்த தலை, கன்னடம் கலந்த தமிழ், பேச்சில் அவசரமே இல்லை. அவசரப்படாத ஆடிட்டரைப் போல ஆபத்து வேறு இல்லை. உருவத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள், இந்த ஓட்டையைப் பெரிதாக்குங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். புரோகிராம் அருமையாக வேலை செய்தது. அதைப் பார்த்து அவர் தலையாட்டியபோது எனக்கு வயிறு எரிந்தது. நான் ஓட்டுகிறேன், பாராட்டு அங்கே சானமாவில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்கு. மூலையில் வெப்பநிலை எழுபத்தெட்டு. எண்பத்தைந்து. அரை மணி தாண்டியது. தொண்ணூறு. விசிறி அலற ஆரம்பித்தது.

"ஏனு சார், ஃபேன் இவ்ளோ சத்தம்?" என்றார் அந்த அம்மா. "இதுக்கு முன்னாடி ஆஃப் ஆயிருக்கா? ரெகார்டு கொடுங்க."

பிளான்ட் ஹெட்டுக்கு மறைக்கத் தெரியாது. ஃபைலைத் திறந்து என் வொய்-வொய் தாளை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, கட்டம் கட்டமாக விரலை நகர்த்திப் படித்தார். ஐந்தாவதில் விரல் நின்றது.

"இது யார் எழுதினது?"

"நான்தான் மேடம்."

"ஆளு பேர் போட்டிருக்கீங்களே. இவர் எங்கே?"

"வந்துட்டிருக்கார் மேடம். வழியில யானை," என்றார் பிளான்ட் ஹெட்.

அந்த அம்மா திரையின் மூலையைப் பார்த்தார். தொண்ணூற்று நாலு. என்னைப் பார்த்தார். "ஹௌதா, அப்படியா? இவர் ரூம்லயே இல்லை. ஆனாலும் சூடாகுதே."

சின்னச் சிரிப்பு ஒன்று அந்த அறையில் கிளம்பி அடங்கியது. இன்னும் இரண்டு மூன்று நிமிடத்தில் திரை கறுத்துவிடும். ஆர்டர் போகும். வெங்கடேசன் போவார். நான் நினைத்ததெல்லாம் நடக்கும். ஆனால் அந்த அம்மா அடுத்த கேள்வியையும் என்னிடம்தான் கேட்பார். அதற்கடுத்ததையும் கேட்பார். அவர் நிறுத்துகிற ஆளாகத் தெரியவில்லை.

எனக்கு அங்கே நல்ல புத்தி வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது பயம். லேப்டாப்பைக் கையில் தூக்கினேன். அடியில் நகத்தைக் கொடுத்து ஸ்டிக்கரின் மூலையைப் பிடித்து இழுத்தேன். நல்ல பசை, நான் தேர்ந்தெடுத்தது, பாதி பாதியாகத்தான் வந்தது. கடைசித் துண்டும் வந்த பிறகு மேசையில் இரண்டு பக்கமும் டஸ்டர் கட்டையைக் கொடுத்து உயர்த்தி வைத்தேன். எல்லாரும் மூலையையே பார்த்தோம். தொண்ணூற்று நாலு. தொண்ணூற்றொன்று. எண்பத்தாறு. விசிறியின் குரல் இறங்கியது. எழுபத்து மூன்றில் வந்து நின்றது.

"ஸ்டிக்கர் நான் ஒட்டினது மேடம்," என்றேன். "காத்து போற வழியை மறைச்சிட்டிருந்தது. டிரைவர் கோளாறும் இருந்தது, அதை அவர் சரி பண்ணிட்டார். மிச்சம் என்னோடது."

அந்த அம்மா எழுதிக்கொண்டே கேட்டார். "இது எப்போ தெரிஞ்சது உங்களுக்கு?"

"இப்பதான் மேடம்."

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியாது. நம்பியதாகத்தான் எழுதினார். "தன் தப்பை ஆடிட்டர் முன்னாடி தானே கிழிச்சுக் காட்டற ஆளை நான் அதிகம் பாத்ததில்லை," என்று பிளான்ட் ஹெட்டிடம் சொன்னார். பிளான்ட் ஹெட் என் தோளில் கை வைத்து, "நம்ம சண்முகம் மேடம்," என்றார். எத்தனையோ வருடம் அதற்காகத்தான் ஏங்கினேன். அன்றைக்கு அது காதில் விழுந்தபோது ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு முன் வெங்கடேசன் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். பிளான்ட் ஹெட் வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வெங்கடேசன் நேராக என் மேசைக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, உங்க ஸ்டிக்கருன்னு தெரிஞ்சும் அத்தனை பேரு முன்னாடி… யாருண்ணா செய்வாங்க. நான்தான் உங்கள தப்பா நெனச்சிட்டேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். பீரோ அங்கேயேதான் இருந்தது.

அன்று மாலையே தாளைத் திருத்தி எழுதினேன். ஐந்தாவது கட்டத்தில், "அடையாள ஸ்டிக்கர் ஒட்டும் விதி காற்றுத்துளையைக் கணக்கில் கொள்ளவில்லை." ஆள் பெயர் எழுதக் கூடாது என்பதால் என் பெயரும் அதில் இல்லை. ஹெச்.ஆருக்குப் புது நகல் போனது. மாதக் கடைசியில் வெங்கடேசனுக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. ஆர்டரை வாங்கியதும் முதலில் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

இந்தக் கதையில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சேர்ந்த முதல் நாள் வகுப்பில் உங்கள் இப்போதைய பிளான்ட் ஹெட் இதைச் சொல்லியிருப்பார். ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்கிறார் என்று கேள்விப்படுகிறேன். சீனியர் ஒருவர் தான் ஒட்டிய ஸ்டிக்கரை ஆடிட்டர் முன்னாலேயே கிழித்தார், அவரால்தான் நான் இந்த ஆலையில் இருக்கிறேன் என்று சொல்வாராம். வெங்கடேசன் சாருக்குக் குரலும் நல்ல குரல், நன்றாகத்தான் சொல்வார். என் பிரிவு உபசார விழாவிலும் மேடையில் அதையே சொன்னார். கைதட்டினார்கள். நான் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் எனக்கு அவர்மேல் பொறாமையாகத்தான் இருந்தது. ஒருவருக்கு அவ்வளவு மனதார நன்றி சொல்ல முடிகிறதே என்று.

நீங்கள் எழுதி வாங்கும் எதுவும் அச்சுக்குப் போகுமுன் அவர் மேசைக்குப் போகும். அது தெரிந்துதான் எழுதினேன். இதை நேரில் சொல்ல எனக்கு எத்தனையோ வருடம் இருந்தது, வாய் வரவில்லை.

வெங்கடேஷ், அந்த அம்மா கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய். ஸ்பேரை நீங்கள் கேட்டு நின்ற வியாழக்கிழமை மத்தியானமே எனக்குத் தெரியும்.